சம்பங்கியின் தோல் வைத்த கால்சட்டை

தங்கவயலில் பூமிக்குள் போய் வந்தவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. எத்தனை ஆயிரம் அடி ஆழம், எத்தனை அவுன்சு தங்கம், எத்தனை துரைமார் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். சம்பங்கி என்ற தபால் பியூனின் பின்புறத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

சம்பங்கிக்குக் குடியாத்தம் பக்கம். இருபது வயதில் சுரங்கத்துக்கு வந்து, ஏழு வருஷம் பூமிக்கடியில் லெவல் என்கிற சுரங்கத் தட்டில் கல் அள்ளினான். ஒரு நாள் ஆளிறக்கும் கேஜிலிருந்து இறங்கும்போது கால் தவறி இடது முழங்கை ஒடிந்தது. ஒடிந்தது சேர்ந்தது, நேராகச் சேரவில்லை. மண்வெட்டி பிடிக்காத கைக்குக் கம்பெனி காகிதம் பிடிக்கும் வேலை கொடுத்தது. நந்திதுர்க் பக்கத்தில் கல் இடிக்கும் மில் ஆபீசில் கடிதம் வாங்கி, பாலகாட் ஆபீசில் சேர்த்து, பதில் வாங்கி வரவேண்டும். ஒரு நாளைக்கு நாலு நடை.

1904-இல் ஆர்தர் என்ற இஞ்சினீயர் சீமைக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். கம்பெனி அந்தச் சைக்கிளைச் சம்பங்கியிடம் தள்ளியது. கூடவே நாலு நடையை எட்டாக்கியது. முன்னேற்றம் என்பதற்குத் தங்கவயலில் அதுதான் பொருள். சம்பங்கி அதற்கும் சந்தோஷப்பட்டான் என்பதுதான் வேடிக்கை. வளைந்த கை ஹாண்டில்பாருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. மூன்றாம் நாளே கையை விட்டு ஓட்டிக் காட்டினான். பத்தாம் நாள் அவனால் உட்கார முடியவில்லை.

குற்றம் சீட்டின் மேல். தோலென்று பேர், தொட்டுப் பார்த்தால் கருங்கல். பாதையோ அதைவிட மோசம். வண்டிச்சக்கரம் அறுத்த பள்ளமும், வெடிவைத்து எடுத்துக் கொட்டிய கல்லும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினால் மடிப்பு மடிப்பாக அறுத்தது. கோவணத்தின் முடிச்சு அதற்கு மேல். தொடையிடுக்கெல்லாம் புண். சம்பங்கி நின்றுகொண்டே சாப்பிட்டான், குப்புறப் படுத்துத் தூங்கினான்.

"இன்னாப்பா சம்பங்கி, ஒக்காரக் கூடாதுன்னு வேண்டுதலா?" என்று லயத்துக்காரர்கள் கேட்டார்கள்.

அவன் பெண்டாட்டி ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆபீசுல சொல்லு. வண்டி வாணாம், நடந்தே போறேன்னு."

"நடந்தா எட்டு நடை ஆவாது. ஆவலைன்னா வேற ஆளப் போடுவான். இந்தக் கைய வெச்சிக்கினு நான் எங்க போறது?"

ஆக, விஷயம் இவ்வளவுதான். உட்கார்ந்தால் வேலை உண்டு, உட்காராவிட்டால் இல்லை. ஒரு மனிதனின் பிழைப்பு முழுவதும் அரைச்சாண் அகலச் சீட்டின்மேல் நின்றது.

ஆண்டர்சன்பேட்டையில் மரியகுழந்தை என்றொரு தையற்காரர் இருந்தார். பாதிரியாருக்கு அங்கி, துரைமாருக்குக் குதிரைச் சவாரிக் கால்சட்டை என்று பரலோகத்துக்கும் இகலோகத்துக்கும் ஒரே மிஷினில் தைப்பவர். சம்பங்கி கடைக்குள் போய் நின்றான். மரியகுழந்தை ஸ்டூலைக் காட்டினார். சம்பங்கி ஸ்டூலைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது.

முதல் கால்சட்டையில் பஞ்சு வைத்தார். தொட்டால் தலையணை மாதிரி இருந்தது. இரண்டு நாள் வேர்வை பட்டதும் பஞ்செல்லாம் திரண்டு நெல்லிக்காய் நெல்லிக்காயாக நின்றது. அடுத்ததில் குதிரைக் கம்பளியை நாலாக மடித்து வைத்தார். அது நமைத்தது. நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொறிந்துகொள்ளும் பியூனைப் பார்த்துப் பாலகாட் கிளார்க் முகம் சுளித்தார்.

"மெத்துன்னு இருக்கிறது முக்கியமில்லே தம்பி," என்றார் மரியகுழந்தை, கம்பளியைப் பிரித்துப் போட்டபடி. "ஒராயக்கூடாது. அதான் முக்கியம். சீட்டுல படுற எடத்துல தையலே வரக்கூடாது. வேர்வையக் குடிக்கணும், குடிச்சிட்டுத் தெரளக்கூடாது. அதுக்குத் தோல்தான் தோது. தொரைங்க சவாரிக் கால்சட்டைக்கு உள்ளாற நான் வெக்கிறனே, அந்த மாதிரி."

"தோலுக்கு நான் எங்க போறது?"

"வாணியம்பாடிக்கு இந்தப் பக்கம் பொறந்துட்டு இப்படிக் கேக்குறியே!"

சம்பங்கியின் மைத்துனன் வாணியம்பாடியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தான். ஆட்டுத் தோலை எண்ணெய் ஊட்டி அடித்து, மல்லுத் துணி போல மிருதுவாக்கிய தோல் இரண்டு வந்து சேர்ந்தது. வெளிர் மஞ்சள் நிறம். கன்னத்தில் வைத்தால் குழந்தையின் உள்ளங்கை. மரியகுழந்தை அதை ஒரே துண்டாக, நடுவில் தையலில்லாமல் வைத்து, விளிம்பை வெளிப்பக்கமாகத் திருப்பி, முழங்கால்வரை வருகிற காக்கிக் கால்சட்டை இரண்டு தைத்தார். தைத்துக் கொடுத்துவிட்டு மருந்துச்சீட்டுப்போல் ஒப்பித்தார்: "உள்ளாற கோவணம் கூடாது, தோல் ஒடம்புல படணும். தெனம் அலசணும். சவுக்காரம் போட்டியோ, அப்பளமாப் பூடும். வெதுவெதுன்னு தண்ணி, பூந்திக்காய். பிழியாதே, அமுக்கு. உள்பக்கத்தத் திருப்பி நெழல்ல போடு. பாதி காயறப்போ கையால கசக்கி உடு. முழுக்கக் காஞ்சப்புறம் கசக்கினா வெடிக்கும்."

அந்த விதிகளைச் சம்பங்கி மறந்தாலும் ரத்தினம்மா மறக்கவில்லை. ஒன்று அவன் இடுப்பில், ஒன்று கொடியில். வாரம் ஒருமுறை ஆட்டுக் கொழுப்பில் தேன்மெழுகைக் கரைத்து, விரல் நுனியால் தொட்டுத் தடவுவாள். "புருசனுக்கு இப்பிடித் தலைக்கு எண்ணெ வெச்சதில்லியே!" என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மா கிண்டலடித்தாள். "தல என்னா எட்டு நடை ஓடுதா?" என்றாள் ரத்தினம்மா.

புண் ஆறியது. சம்பங்கி உட்கார்ந்தான். அங்கேதான் வந்தது வினை.

தங்கவயலில் ஒருவன் திடீரென்று சுகமாக இருந்தால் காவல்காரனுக்குச் சந்தேகம் வரும். மில் கேட்டில் ராஜப்பா என்று ஒரு தலைமைக் காவல்காரர். சம்பங்கிக்கு ஊர்முறையில் அண்ணன். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவன் முண்டாசை அவிழ்க்கவேண்டும், வாயைத் திறந்து காட்டவேண்டும், கோவணத்தை உதறவேண்டும். பியூனுக்கு மட்டும் பையைத் திறந்து காட்டினால் போதும். நேற்றுவரை கேட்டுக் கல்லில் சாய்ந்தபடி நின்றவன், இன்று அதே கல்லில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ராஜப்பா பின்னால் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, மெத்துன்னு கீது? உள்ள இன்னா வெச்சினுகீற?"

"தோலுண்ணா. சைக்கிளுக்கு."

இடுப்புப் பட்டியை விலக்கிப் பார்த்த ராஜப்பாவின் முகம் மாறிப்போனது. "டேய், இது ஷம்மிடா!"

மில்லுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. கல்லை மாவாக இடித்து, பாதரசத்தைக் காட்டினால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழம்பை மெல்லிய தோலில் கட்டி முறுக்கிப் பிழிவார்கள். பாதரசம் வெளியே வரும், தங்கம் உள்ளே நிற்கும். அந்தத் தோலுக்குத்தான் மில்லில் ஷம்மி என்று பேர். அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் பொடித் தங்கம் தங்கிவிடும். அதனால் பழைய ஷம்மியை யாரும் எறிவதில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை எரித்து, சாம்பலிலிருந்து தங்கத்தை எடுப்பார்கள். கேட்டில் பலகையே தொங்கியது: ஷம்மித் தோல் வெளியே போகக்கூடாது.

"இது வாணியம்பாடித் தோலுண்ணா. காலையில உள்ள வரப்போவே போட்டுக்கினுதான் வந்தேன்."

"உள்ள வர்றதுக்கு ரூலு இல்லடா. வெளிய போறதுக்குத்தான் ரூலு. கழட்டு."

"கழட்டிட்டு?"

"சனிக்கெழம எரிப்பாங்க. தங்கம் இல்லைன்னு ஆச்சுன்னா உன்ன உட்ருவாங்க."

"என்ன உடுவாங்க. கால்சட்டைய?"

ராஜப்பா பலகையை நிமிர்ந்து பார்த்தார். ரூலில் அதற்குப் பதில் இல்லை.

"கழட்ட மாட்டேன்," என்றான் சம்பங்கி. "கம்பெனித் தோலா இருந்தா எரிங்க. இது என் மச்சான் அடிச்ச தோலு. என் பொண்டாட்டி மெழுகு போட்ட தோலு."

"கழட்டலைன்னா வெளிய போவ முடியாது."

"போவல."

சம்பங்கி உள்முற்றத்தில் கொட்டிக் கிடந்த கருங்கல் குவியலின்மேல் போய் உட்கார்ந்தான். அந்த மில்லில் அந்தக் கல்லின்மேல் சௌகரியமாக உட்காரக்கூடிய ஒரே மனிதன் அவன்தான் என்பதைக் கம்பெனி கவனிக்கத் தவறியது.

பாலகாட்டுக்குப் போகவேண்டிய கடிதம் பையில் கிடந்தது. பத்து மணிக்கு மில் அதிகாரி டக்ளஸ் துரை வந்தார். தமிழ் பேசுவார், பட்லரிடம் கற்ற தமிழ்.

"நீ ஏன் போகலே மேன்?"

"ரூலு தொரை."

ராஜப்பா விளக்கினார். துரை பலகையைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆள்பவர்களுக்கே தோன்றக்கூடிய யோசனை ஒன்று அவருக்குத் தோன்றியது. "ராஜப்பா, நீ சைக்கிள் எடு. லெட்டர் கொடுத்து வா."

ராஜப்பாவுக்குச் சைக்கிள் தெரியும். காவல்காரர்கள் சாயங்காலத்தில் முற்றத்தில் சுற்றிப் பழகியதுதான். முற்றம் வேறு, பாலகாட் பாதை வேறு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு மீசையை நீவியபடி புறப்பட்டவர், பகல் ஒன்றரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கன்றுக்குட்டி புகுந்து போகலாம். அப்படி ஒரு நடை.

"ஒக்காருண்ணா," என்றான் சம்பங்கி, கல்லைத் தட்டிக் காட்டி.

"மூடிக்கினு இருடா."

அதற்குள் விஷயம் லயத்துக்குப் போய்விட்டது. ரத்தினம்மா களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். ஷிப்டு முடிந்து சோதனைக்கு வரிசையில் நின்ற நூறு பேர் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் கம்பிக்குள் தூக்கை நீட்டிவிட்டு, துரை காதில் விழும்படி சொன்னாள்: "யோவ், கழட்டிடாதே. தொரை, இன்னொண்ணு எங்க ஊட்டுக் கொடியில காயுது. எரிக்கணும்னா ஆள அனுப்புங்க. இப்ப பாதிதான் காஞ்சிகீது, கசக்கி உடுற நேரம். அத மட்டும் முடிச்சிட்டுத் தரேன்."

வரிசை சிரித்தது. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் முனகுகிறவர்கள், சொல்லாமலே அத்தனை வாயையும் திறந்தார்கள்.

துரைக்குக் காது சிவந்தது. "இது சிரிக்கிற விஷயம் இல்லே. தோல் தோல்தான். ரூல் ரூல்தான்."

சம்பங்கி கல்லிலிருந்து எழுந்தான். கைகட்டிக்கொள்ளவில்லை, வளைந்த கை கட்ட வராது. "சரி தொரை. நீங்க தெனம் குதிரையில வெளிய போறீங்க. உங்க சவாரிக் கால்சட்டை உள்ளாறவும் இதே தோலுதான். தைச்சவரே சொன்னாரு. அதுவும் சனிக்கெழம எரியுமா? எரிஞ்சா ரெண்டையும் ஒண்ணா எரிங்க. நான் இப்பவே கழட்டுறேன். நீங்க மொதல்ல."

சிரிப்பு நின்றது. இப்படி ஒரு பேச்சை அந்தக் கேட்டு கேட்டதில்லை. பேசியவனுக்கு இன்றோடு வேலை போயிற்று என்று நூறு பேரும் முடிவுகட்டினார்கள். சம்பங்கியும் முடிவுகட்டியிருந்தான். ஆனாலும் இடுப்புப் பட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

முதலில் பேசியது ராஜப்பாதான். பேசியபோதும் அவர் காலைச் சேர்த்து நிற்கவில்லை. "தொரை, உட்ருங்க. அந்த வண்டியில தோலு இல்லாம மனுசன் ஒக்கார முடியாது. நாளைக்கு எட்டு நடைக்கு என்ன அனுப்பாதீங்க. நான் ஊருக்கே பூடுவேன்."

டக்ளஸ் துரை மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குள் பாலகாட்டுக்கு இன்னொரு கடிதம் போகவேண்டும். ரூல் போட்டது அவரில்லை, லண்டனில் யாரோ. எடுக்கவும் அவரால் முடியாது. கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சம்பங்கி கேட்டைத் தாண்டும்போது 'ஷம்மி இருக்கா?' என்று ராஜப்பா கேட்கவேண்டும். 'இல்லை' என்று சம்பங்கி சொல்லவேண்டும். ராஜப்பா விட்டுவிடவேண்டும். ரூலும் பிழைக்கும், தபாலும் போகும், கால்சட்டையும் பிழைக்கும். எல்லோருக்கும் நல்லது.

ரத்தினம்மாகூடக் கம்பிக்கு அப்பால் தலையாட்டினாள். ராஜப்பா நிம்மதியாக மூச்சு விட்டார்.

சம்பங்கி பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். கேட்டில் கால் ஊன்றி நின்றான்.

"ஷம்மி கீதா?" என்றார் ராஜப்பா. கேட்டுவிட்டு, பதிலும் தானே சொல்லிவிடுபவர்போல் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

இல்லை என்று சொன்னால் மறைத்து எடுத்துப் போகிறவன் ஆகிறான். நாளைக்கு எவனாவது தட்டிப் பார்த்து, பொய் சொன்னாயே, அப்போது இது திருட்டுத் தோல்தானே என்பான். தினமும் எட்டுத் தடவை சொந்தக் கால்சட்டைக்குத் திருடனாவதா?

"கீது," என்றான் சம்பங்கி, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில். "வாணியம்பாடித் தோலு. என்னுது."

ராஜப்பா துரையைப் பார்த்தார். துரைக்கு அப்போதுதான் கேட்டருகே கட்டியிருந்த தன் குதிரையின் சேணவாரைச் சரிபார்க்கவேண்டிய அவசியம் வந்துவிட்டது; குனிந்துகொண்டார். சம்பங்கி பெடலை மிதித்தான். வண்டி கேட்டைத் தாண்டிக் கல்லும் பள்ளமுமான பாதையில் இறங்கியது. அவன் சீட்டிலிருந்து எழவேயில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் இனாம் பியூன்களில் அவன் ஒருவனுக்கு மட்டும் வரவில்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் கேட்கவுமில்லை. பலகை தொங்கியபடி இருந்தது. ராஜப்பா தினமும் எட்டுத் தடவை கேட்டார். சம்பங்கி எட்டுத் தடவையும் "கீது" என்றே சொல்லிவிட்டுப் போனான்.