கொஞ்சம் மிரட்டி வைங்க, சார்ஜன்

போன வாரம் எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் காதர் பாய் கடைக்குப் பசியாறப் போனேன். ரொட்டி போடும் அவர் மகன் இர்பானைக் காணவில்லை.

"போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார் பாய்.

இந்த மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்த பிள்ளை சொன்ன பேச்சு கேட்காவிட்டால் போலீஸ் சார்ஜன் மணியத்திடம் சொல்லிவிடுவோம். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலும் சரி, டவுனிலும் சரி. அவர் இதே மலையில் ரிங்லெட் ஊர்க்காரர், எல்லாரையும் தெரியும். மீசையைத் தடவிக்கொண்டு நாலு கேள்வி கேட்பார். பிள்ளை ஒரு மாதத்துக்கு ஒழுங்காக இருக்கும். என் மகன் மோட்டார் சைக்கிளில் பறப்பதை நிறுத்தியதே அவர்தான்.

பாயும் அதைத்தான் செய்தார். "எந்நேரமும் போன்லயே இருக்கான் சார்ஜன். யாரோட பேசுறான்னே தெரியல. என்னைப் பாத்தா வெச்சிடறான். கொஞ்சம் மிரட்டி வைங்க."

பாய்க்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பயங்கரவாதத் தடுப்புக்காகத் தலைநகரிலிருந்து வந்த குழுவில் இப்போது சார்ஜனையும் சேர்த்திருக்கிறார்கள். சில நாளில் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். மிரட்டவே இல்லை... மரியாதையாகத்தான் பேசினார்கள். போனை எடுத்துக்கொண்டார்கள். இர்பானையும்.

இந்த மாதிரி விஷயத்தில் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே வாரக்கணக்கில் உள்ளே வைக்கலாமாம் — சட்டமே இருக்கிறது. "என் வாயாலேயே சொல்லிட்டேனே" என்று பாய் அழுதார்.

நல்லவேளை, மூன்று நாளில் விட்டுவிட்டார்கள். தைப்பிங்கில் ஒரு பெண்ணாம். அவ்வளவுதான் ரகசியம்! போன் இன்னும் வரவில்லை. மகன் அப்பாவோடு பேசுவதும் இல்லை.

நேற்று நான் கடையில் இருந்தபோது சார்ஜன் வந்தார். பாய் தேநீரை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.

"நான் என்ன பாய் செய்யறது? முன்ன நீங்க சொன்னா என்னோட போயிடும்லா. இப்ப காதுல விழுந்தத மேல சொல்லியாகணும்."

பாவம், அவரும் சங்கடத்தில்தான் இருந்தார். குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் வீட்டுச் சண்டைக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே காது என்றால் எப்படி? இர்பானுக்குப் பதில் என் மகன் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேர் வந்திருப்பார்களா? இந்தக் கேள்வியும் என்னை விடவில்லை.

கிளம்பும்போது சார்ஜன் வழக்கம்போல என்னை விசாரித்தார். "உங்க பையன் இப்ப எங்கம்மா வேலை?"

"ஜொகூர்ல" என்றேன்.

அவன் இருப்பது பினாங்கில்.