தூரப் படத்தில் இல்லாத வளைவு

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொல்லிமலையின் பாதைகளையும் ஓடைகளையும் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கும் வேலை எங்களுக்கு. சோளக்காட்டில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தோம். மலை முழுவதையும் ஒரே திரையில் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் திணறும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கும் படத்துக்கு மட்டும் கோடுகளின் சின்ன வளைவுகளை நீக்கியிருந்தோம். நெருங்கிப் பார்த்தால்தான் முழுக் கோடும் வரும். அதற்கு நேரம் பிடிக்கும்.

அன்று காலை, என்னோடு வேலை பார்த்த அக்கா ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குண்டனி நாடு என்ற மலைக்கிராமப் பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதையைச் சரிபார்க்கப் போயிருந்தார். மதியம் மழை கொட்டத் தொடங்கியது. வர வேண்டிய நேரம் தாண்டியும் இருவரையும் காணோம்.

எங்கள் ஜீப் டிரைவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"பாதை ஓடைக்கு இந்தப் பக்கமாவே வருதுங்களே சார். கீழ் ரோட்டுல போய் நின்னா வந்துருவாங்க."

தூரப் படத்தில் அப்படித்தான் தெரிந்தது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. நெருங்கிப் பார்க்கப் பட்டனை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர் விட்டுவிட்டுக் கத்தியது. கோடுகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. முதலில் ரோடு. பிறகு ஓடை. பாதை பாதி வந்து நின்றது.

"அணைஞ்சிருமுங்களா?" என்றார் டிரைவர்.

மீதிக் கோடும் வந்தது. பாதை ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போய், வளைந்து, மறுபடி இக்கரைக்குத் திரும்பியது. மறுகணம் திரை இருண்டது.

"ஓடையில வெள்ளம் வந்திருக்கும். அவங்க அக்கரையில மாட்டியிருப்பாங்க. மேல் ரோட்டுப் பாலத்து வழியாப் போங்க!"

பனிமூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனோம். பாலம் தாண்டி இறங்கி, கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஓடையின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா ஓடையைக் கடக்க இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஊர்க்காரர் அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க, இழுத்துட்டுப் போயிரும்!" ஊர்க்காரர் கத்தியது கிட்டே போனபிறகுதான் கேட்டது.

நானும் இன்னொரு கையைப் பற்றினேன். கரையேறியதும் அக்கா என் தோளில் சாய்ந்து நடுங்கினார்.

மறுநாள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். பாதை ஓடையைக் கடக்கும் இடங்களை எந்தப் படத்திலும் நீக்க முடியாதபடி ஒவ்வொன்றாகப் பூட்டினார். தூரப் படத்தில் கோடுகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. மேலதிகாரி பார்த்துவிட்டு, "அசிங்கமா இருக்கே" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.