மேல் பொத்தான்

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயது. நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு நீளக்கைச் சட்டை வாங்க, ஞாயிறு பூசை முடிந்த கையோடு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். காலர் உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் கழுத்தில் மாதாவைப் பச்சை குத்தியிருக்கிறான். மாதாவுக்குக் கீழே, அவன் இருந்த கும்பலின் எண்.

இதில் எனக்கும் பங்குண்டு. அவனுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்தப் பாட்டு சிடியை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். சிக்கானோ ராப். அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள், ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் கலந்து பாடுவார்கள். நாங்கள் வீட்டில் தமிழைக் கலந்தடிக்கிற மாதிரியேதான். அவர்களும் எங்கள் நிறம். அவர்கள் வீட்டுச் சுவரிலும் மாதா படம். ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாமலே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் அவர்கள் உடுப்பு வந்தது. காக்கி கால்சட்டை, கட்டம் போட்ட தடித்த சட்டை. மேல் பொத்தானை மட்டும் போட்டு மற்றதையெல்லாம் திறந்து விட்டுக்கொண்டு, செம்பவாங் வெயிலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு நிற்பான். கால்சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்ததும் நான்தான். பிறகு எண் வந்தது, அடிதடி வந்தது.

"மாதாவக் கழுத்துல குத்திக்கிட்டு ஊர்ச் சண்டைக்குப் போறியேடா" என்று கேட்ட அம்மா இன்று இல்லை. அவன் மூன்றாவது முறை சிறைக்குப் போனபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுத்துப் போயிருந்தது.

அந்தப் பாட்டுகளில் தெருவில் சாகிறவன் உண்டு, உள்ளே போகிறவன் உண்டு. நாற்பத்தொரு வயதில் வேலை கேட்டுப் போகிறவனைப் பற்றி நான் ஒரு பாட்டும் கேட்டதில்லை.

இந்த முறை எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு போனான். கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். உள்ளே கம்பெனி டி-ஷர்ட், வட்டக் கழுத்து.

"இதப் போட்டா எல்லாம் தெரியுமே அக்கா."

நான் கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். அங்கே அகலமான பிளாஸ்டர் சுருள் ஒன்று கேட்டு வாங்கி வந்து, மறுநாள் காலை அவன் கழுத்தில் ஒட்டினேன். ஒட்டும்போதே கோபம் வந்தது. இன்னும் எத்தனை வருடம் இவனை நான் மூடி மறைத்துக்கொண்டிருப்பது?

சாயங்காலம் வந்தபோது கழுத்தில் பிளாஸ்டர் இல்லை.

"வேர்வையில கழண்டு போச்சு. பத்து மணிக்கெல்லாம்."

"யாராவது கேட்டாங்களா?"

"சூப்பர்வைசர் கேட்டாரு. ஜெயில்ல இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "சாமான் இறக்கச் சொன்னாரு. நாளைக்கு ஏழரைக்கு வரணுமாம் லா."

டி-ஷர்ட்டைக் கழற்றித் தரச் சொல்லித் துவைக்கப் போட்டேன். மிச்சமிருந்த பிளாஸ்டரை, கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுக்க என் கைப்பையில் எடுத்து வைத்தேன்.