இருதயராஜின் பெயர்

வசந்தகுமாரி ஆலயத்துக்குள் நுழைந்ததும் சிலுவைக் குறி போடுவாள், முழங்காலிடுவாள், இறந்தவர்களை நினைத்து மெழுகுவத்தி ஏற்றுவாள். பக்கத்தில் உட்காரும் சுதாவுக்கு இதெல்லாம் ஆகாது. அவள் கைகளை உயர்த்தி, கண்ணீர் வழிய, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபிப்பவள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய அந்தச் சின்ன ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபையில் இரண்டு விதத்தாருக்கும் இடம் இருந்தது. ஆராதனை முடிந்து ஆங் மோ கியோவுக்குத் திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் இருவருக்கும் வாக்குவாதம்தான். இறங்கும்போது வசந்தகுமாரி அக்காவின் பையைச் சுதா வாங்கிக்கொள்வாள்.

வசந்தகுமாரியின் கணவர் இருதயராஜ் மாரடைப்பில் போனபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளைத் தாங்கிப் பிடித்ததும் சுதாதான்.

முதலாண்டு நினைவு நாள் வந்தது. ஞாயிறு ஜெபத்தில் கணவர் பெயரைச் சொல்லும்படி வசந்தகுமாரி கேட்டாள். பழைய போதகராக இருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பார். புதிதாக வந்திருந்த போதகர் மறுத்தார்.

"செத்தவங்களுக்காக ஜெபிக்கிறது வேதத்துல இல்லம்மா. இனிமே சபையில எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம். அதான் நல்லது."

"இத்தனை வருஷம் ரெண்டு மாதிரியும் இருந்தோமே, பாஸ்டர்?"

அவர் அடுத்தவரிடம் பேசத் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிறு பொது ஜெபத்தை நடத்தும் முறை சுதாவுடையது. நோயாளிகளுக்காக, துவாஸ் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஜெபித்தவள் சற்று நிறுத்தினாள்.

"உம்மிடத்தில் வந்துவிட்ட எங்கள் இருதயராஜ் அண்ணனுக்கு இளைப்பாறுதல் தாரும்."

ஆமென் சொன்னவர்கள் சிலரே. வசந்தகுமாரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"உனக்கு இதுல நம்பிக்கையே இல்லையே?" வெளியே வந்ததும் கேட்டாள்.

"இல்லதான். உங்களுக்கு இருக்கே, அக்கா."

அடுத்த வாரமே சுதாவை ஜெபம் நடத்துவதிலிருந்து நீக்கினார்கள். செய்தது தவறு என்று சொன்னால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். அவள் சொல்லவில்லை. தெம்பனிஸில் தன்னைப் போன்றவர்களே கூடும் வேறொரு சபைக்குப் போய்விட்டாள். முழங்காலிடும் பழைய ஆட்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வசந்தகுமாரி மட்டும் போய்க்கொண்டிருக்கிறாள். இருதயராஜின் சவப்பெட்டியை வைத்து ஜெபித்த இடம் அது. வேறெங்கே போவது? அங்கே இப்போது யாரும் யாரோடும் முரண்படுவதில்லை. ஆராதனை முடிந்ததும் அவரவர் வழியே கலைந்துவிடுகிறார்கள்.

ஒரு நாள் மாலை சுதா தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்க எப்படிடீ இருக்கு?"

"எல்லாரும் என்னை மாதிரியேதான் ஜெபிக்கிறாங்க, அக்கா. சண்டை போடக்கூட ஆள் இல்ல லா."

சிரிக்கத்தான் சொன்னாள். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

"திரும்பி வந்துடேன்."

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணுமே, அக்கா. அது எனக்கு வராது."

வசந்தகுமாரி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.