வாளி இங்கேயே இருக்கட்டும்

மழை விட்ட காலையில் லோகேஸ்வரி கடைக் கதவைத் தூக்கினாள். கறுப்புத் தண்ணி சளக்கென்று வந்து காலில் ஏறியது. லோங்காங் தண்ணி, அதாவது சாக்கடைத் தண்ணி. சோற்றுப் பருக்கையும் கோழி எலும்பும் மிதந்துகொண்டு வந்தன. தரையோரம் இருந்த மல்லி மூட்டையும் மிளகாய் மூட்டையும் பாதி வரைக்கும் ஊறிப்போய் நின்றன.

கடையில் வேலை செய்யும் மலர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இன்னைக்கும் மில்லு ஓட்ட முடியாது போலருக்கு."

"ஓட்டுனா யாரு வாங்குவா? மொளகாத்தூளா, லோங்காங் தூளான்னு கேப்பாங்க."

கிள்ளானிலிருந்து பண்டமாரான் போகிற வழியில் ஒரு பழைய கடை வரிசை. அதில் மசாலா அரைத்து விற்கும் கடை அவளுடையது. பெயர்ப்பலகையில் இன்னும் அப்பா மாசிலாமணியின் பேர்தான். தம்பிமார் படித்து ஆஸ்திரேலியா பக்கம் போய்விட்டார்கள். போர்ட்டில் வேலை பார்த்த புருஷன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது இந்தக் கடை. அறுபத்தஞ்சைத் தாண்டியும் நின்றபடி மில் ஓட்டுகிறாள். இந்தக் கடை நாறிப்போய் மூடினால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

தண்ணி ஏன் வருகிறது என்று அந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும். மூலையில் தனேஷின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கூட்டம் பெருகியதும் பின் சந்தில் சமையல்கட்டை இழுத்துக் கட்டினான். லோங்காங் மேல் சிமெண்டுப் பலகையைப் போட்டு, அதன் மேல் அடுப்பு வைத்தான். எண்ணெயும் சோறும் அடியில் கட்டியாகி அடைத்துக்கொண்டது. மழை பெய்தால் அத்தனையும் லோகேஸ்வரி கடைக்குத்தான்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தாள். அந்த வட்டாரத்து லோங்காங் புகாரைப் பார்க்க வேண்டிய கவுன்சிலர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே தனேஷ்தான். கட்சி அவன் பேரை எழுதிக் கொடுத்தது, இவன் போய் உட்கார்ந்துகொண்டான். ஜனங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுகிற வழக்கம் இந்த நாட்டில் எப்போதோ போய்விட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் கட்டைவிரல் வரும். போன் போட்டால் பி.ஏ. எடுப்பான். "பாஸ் மீட்டிங்ல இருக்காரு ஆன்டி." எந்நேரமும் மீட்டிங். இந்த மனுஷன் எப்போதுதான் தின்கிறான், தூங்குகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

மாசிலாமணியும் கவுன்சிலராக இருந்தவர்தான், ஓட்டு வாங்கி வந்த கவுன்சிலர். பிறகு ஒரு தவணை மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்தார். அந்தக் காலத்து வியாபாரிகள் எல்லாரும் தர்மத்துக்காக அரசியலுக்குப் போனார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லோரி பெர்மிட் சுலபமாகக் கிடைக்கும், நாலு ஆபீசில் நாற்காலி போடுவார்கள், அதற்கும் சேர்த்துத்தான் போனார்கள். மாசிலாமணிக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. சட்டமன்றத்துக்குப் போய் ஒய்.பி. என்ற பட்டம் வாங்கினாலும் காலையில் கடையைத் திறந்தாக வேண்டும். திறந்தால் கல்லாவில் உட்கார்ந்தாக வேண்டும். திட்ட வருகிறவனுக்கு ஆளைத் தேடுகிற வேலை இல்லை.

அப்படி வந்தவள்தான் வீரம்மா. போர்ட் பக்கத்து வரிசை வீடுகளில் இருந்தவள். அவர்கள் குழாயில் துருத் தண்ணி வந்துகொண்டிருந்தது. "அடுத்த வாரம் பாத்துடுவோம்" என்று மாசிலாமணி வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சம்பள நாள். கடை நிறையக் கூட்டம். வீரம்மா ஒரு வாளித் தண்ணியைத் தூக்கி வந்து தராசுக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்தாள்.

"இதுல ஒரு வாய் குடிச்சுட்டு மொளகா நிறுங்க, ஒய்.பி."

மாசிலாமணிக்கு முகம் கறுத்துப் போனது. வெளியே கொண்டுபோய் ஊற்றச் சொன்னார். கடைப்பையன்கள் அசையவில்லை, கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல தண்ணி வர்ற வரைக்கும் வாளி இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீரம்மா போய்விட்டாள். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அந்த வாளிதான் பேச்சு. "என்ன ஒய்.பி., மீன் வளக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். மானம் தாங்காமல் மாசிலாமணி தன் லோரியிலேயே தண்ணி ஆபீசுக்கு அலையாய் அலைந்தார். புதுக் குழாய் வந்தது. வாளியை எடுக்க வந்த வீரம்மா அப்போதும் விடவில்லை. "கழுவிக்கூட வெக்கலையா?" என்றாள். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற லோகேஸ்வரிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைக் கழுவிக் கொடுத்தாள்.

இப்போது மத்தியானமாகியும் தண்ணி இறங்கவில்லை. லோகேஸ்வரி மூலையில் கிடந்த சிவப்பு வாளியை எடுத்தாள். தரையில் நின்ற தண்ணியை எலும்போடு மொண்டாள்.

"எங்கக்கா?" என்றாள் மலர்.

"கவுன்சிலரைப் பாக்க."

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு நேரம். தனேஷ் கடையில் உட்கார இடமில்லை. கல்லாவில் அவன் மனைவி ரமணி. லோகேஸ்வரி நேரே போய் வாளியைக் கல்லா மேசை மேல் வைத்தாள். கொஞ்சம் தளும்பி பல்குத்தும் குச்சி டப்பா நனைந்தது.

"ஐயோ ஆன்டி, என்னது இது?"

"உங்க கடைச் சாமான்தாம்மா. என் கடைக்கு வந்துருச்சு. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பக்கத்து மேசையில் ஒரு லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ரசமா?"

"ரசந்தான் அண்ணே. ஊத்திக்கிறீங்களா?"

ரமணிக்கு வேர்த்தது. "ஆன்டி, ஆளுங்க சாப்பிடுறாங்க. அவரு காஜாங்ல மீட்டிங் போயிருக்காரு. நீங்க உக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

"எலை வேணாம்மா. காஜாங்குல இருந்து வரட்டும். நான் இருக்கேன்."

லோரிக்காரர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார். சாவு வீட்டில் மடிப்பது போல எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அதைப் பார்த்து அடுத்த மேசையும் எழுந்தது. ரமணி போனை எடுத்து என்னவோ சொன்னாள். காஜாங்கில் இருந்த தனேஷ் அடுத்த நிமிஷம் மாடிப்படியில் இறங்கி வந்தான்.

"காஜாங் மாடியிலயா இருக்கு?" என்றாள் லோகேஸ்வரி.

கடை சிரித்தது. தனேஷ் சிரிக்கவில்லை. "ஆன்டி, புகார்னா முறைப்படி ஆபீஸ்ல குடுங்க. கவுன்சில் வேலை வேற, கடை வேற லா."

"எங்கப்பாவுக்கு ரெண்டும் ஒரே நாற்காலியிலதானப்பா இருந்துச்சு."

"அவரை நாங்க மதிக்காமலா இருக்கோம்? போன மாசம்கூட மூத்த வியாபாரிங்க விழாவுல அவர் படத்துக்கு நான்தான் மாலை போட்டேன்."

அதுவரைக்கும் கிண்டலாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மாலை என்ற வார்த்தை கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த விழாவில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கும் கடைக்குள் ஈரம் காயவில்லை. புடவையில் நாற்றம் அடிக்குமோ என்று அவள் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படத்துல இருக்கிறவரு எதுவும் கேக்க மாட்டாரு. மாலை போடுறது லேசு. நான் உயிரோட கேக்குறேன், எனக்குப் பதில் சொல்லு. எங்கப்பன் கடையில உன் வீட்டு எலும்பு எதுக்குடா மெதக்கணும்?"

தனேஷ் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலை இறக்கி, "எனக்கு ஓட்டுப் போட்டவங்க மாதிரி பேசுறீங்களே ஆன்டி" என்றான்.

"போடல. உனக்கு யாருமே போடல. ஓட்டுல உன்னைப் பிடிக்க முடியாது. அதான் கடைக்கு வந்தேன்."

வாசலில் காத்திருந்த கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. தனேஷ் போனைப் பையில் போட்டான். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி இரண்டு பேரைக் கடப்பாரையோடு போகச் சொன்னான்.

பின் சந்தில் ஒரு சிமெண்டுப் பலகையைப் பெயர்த்தார்கள். அடைப்பு குபுக்கென்று விட்டது. மலர் ஓடி வந்து, கடையில் தண்ணி இறங்குகிறது என்றாள்.

"திறந்தாச்சு ஆன்டி. வாளியை எடுத்துட்டுப் போங்க" என்றான் தனேஷ்.

"அடுப்புக்கு அடியில இன்னும் மூடித்தான கெடக்கு?"

"அதுக்கு அடுப்படியையே இடிக்கணும்."

"இடி. அதுவரைக்கும் வாளி இங்கயே இருக்கட்டும்."

தனேஷ் வாளியின் கைப்பிடியில் கை வைத்தான். "அதைத் தொடாதீங்க" என்றாள் ரமணி. அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லாப் பெட்டியை மேசை ஓரத்துக்கு நகர்த்தி, வாளிக்கு இடம் விட்டாள். "எல்லாம் பாத்துட்டாங்க. இப்ப எடுத்தா இன்னும் அசிங்கம். ஆள வெச்சு இடிங்க முதல்ல."

லோகேஸ்வரி கடைகளின் முன்னால் ஓடும் காக்கி லீமா நடைபாதை வழியாகக் கடைக்கு நடந்தாள். தரையில் சேறும் எண்ணெயும் படிந்து கிடந்தது. மலர் துடைப்பத்தோடு நின்றாள்.

"அக்கா, கழுவ வாளி இல்லையே."

"பாசார்ல போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரி புடவையைத் தூக்கிச் செருகினாள். "அந்த வாளி திரும்பி வர நாளாகும்."