கையைவிட்டுப் போகாத பந்து

அந்த மூளை ஆராய்ச்சிக்காரர் மட்டும் என் கண்ணில் படட்டும். நன்றாக இருந்த என் தங்கையைக் குட்டிச்சுவராக்கியது அவர்தான்.

தங்கை டேபிள் டென்னிஸ் ஆடுபவள். அதற்காகவே ஒரு டயர் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. அவள் சர்வீஸ் போட்டால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரே நிற்பவளுக்குப் பிடிபடாது. ஆராய்ச்சிக்காரர் அவள் தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி ஆடவிட்டு, கம்ப்யூட்டரில் படம் காட்டினார்.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு முன்மூளைதான் கையைப் புடிச்சு நடத்தும். பழகப் பழக அந்த வேலை சிறுமூளைக்கும் மூளையோட ஆழத்துக்கும் போயிடும். நீங்க சர்வீஸ் போடறப்ப முன்மூளை சும்மா கிடக்குது பாருங்க!"

பாராட்டத்தான் சொன்னார். என் தங்கைப் பைத்தியமோ அன்றிலிருந்து, முன்மூளை சும்மா இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் கவனிக்க ஆரம்பித்துவிட்டது. கவனித்தால் அது எப்படிச் சும்மா இருக்கும்? உள்ளங்கையில் வைத்த பந்து மேலே எழும்ப மாட்டேன் என்றது. எழும்பினாலும் கோணிக்கொண்டு போய் வலையில் விழுந்தது.

கம்பெனியின் அணித் தேர்வு வந்தது. தோற்றால் அணியில் இடமில்லை, வேலையும் இல்லை என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அழுதுகொண்டே ஆராய்ச்சிக்காரருக்குப் போன் போட்டாள். "வேற எதையாவது நினைங்க, தானா சரியாயிடும்" என்றாராம். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது!

கடைசி ஆட்டத்தில் அவளுக்கும் எதிராளிக்கும் ஆளுக்கு ஒன்பது புள்ளிகள். பந்தை ஏந்தியபடி தங்கை அப்படியே நின்றாள். நடுவர் எச்சரித்தார். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் மேல்வரிசையிலிருந்து கத்தினேன்.

"ஏண்டி, வர்றப்ப அடுப்பை அணைச்சியா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். அந்த நொடியில் கை தன்பாட்டுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டது, மட்டை வெட்டியது. அதே பழைய சர்வீஸ்! எதிராளியால் தொடக்கூட முடியவில்லை. ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி, அந்தச் சர்வீஸும் அவளுடையதுதான்.

நடுவர் என்னை வெளியேற்றச் சொன்னார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் பந்துச் சத்தமே இல்லை. அப்புறம் கூட்டம் "ஐயோ" என்றது. அதற்கப்புறம் எல்லாக் கைதட்டலும் மற்றவளுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரையும் மூடியிருந்தாள்.

"எப்பக்கா அணைச்சேன்? சத்தியமா ஞாபகமே இல்ல."

கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தாள். பிறகு பந்து ஏந்தும் கையை மேடையில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"இதை மட்டும் என்னைக் கேக்காமலே செய்யத் தெரியுதா உனக்கு?"