அமெரிக்கக் கிட்டார் பார்க்க எம். புதுப்பட்டிக்கு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பேருந்தில் ஏறினேன். தோளில் என் கிட்டார் தொங்கியது. கிட்டார் வாங்கப் போகிறவள் கிட்டாரோடு ஏன் போகவேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கத்தான் என்றேன். என் கணவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அதே வடிவம், அதே நிறம். ஒண்ணு வீட்ல இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினேன்.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் மின்கிட்டார் வாசிக்கிறேன். உடம்பின் மேலே கொம்புபோல நீளும் இரண்டு முனைகளும், கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் மூன்று பிக்கப்புகளும் உள்ள அந்தப் பழைய அமெரிக்க வடிவத்தை எல்லோரும் எங்காவது படத்திலேனும் பார்த்திருப்பார்கள். இன்று அதே வடிவம் இந்தோனேசியாவில் மலிவாகத் தயாராகிறது, அமெரிக்காவிலும் தயாராகிறது. என்னுடையது இந்தோனேசியத் தயாரிப்பு, முப்பத்தோராயிரம் ரூபாய்க்கு வாங்கியது. அமெரிக்கத் தயாரிப்பு சென்னைக் கடையில் இரண்டு லட்சத்துக்குப் பக்கம். ஒருமுறை அந்தக் கடையில் அதை மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடைக்காரப் பையன் பக்கத்திலேயே நின்றான். நான்கு ஸ்வரம் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். படி இறங்கும்போது இடது உள்ளங்கையில் அதன் கழுத்து இன்னும் இருப்பதுபோல இருந்தது. அன்றிலிருந்து பழைய சாமான் விற்கும் இணையப் பக்கங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படித்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. அமெரிக்கத் தயாரிப்பு, அதிகம் வாசிக்கப்படாதது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம், இடம் எம். புதுப்பட்டி. சிவகாசியைச் சுற்றிய பட்டாசு ஊர்களில் ஒன்று. அங்கே இப்படி ஒரு பொருளா என்று நம்பமுடியாமல்தான் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க வீட்டு சாருக்கா கேக்கீக?"

"இல்லைங்க. எனக்குத்தான்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்ப கட்டாயம் வாங்க."

திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டி விருதுநகர் வந்தபோது எட்டே முக்கால். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். புதிய பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சிவகாசி வண்டிக்கு மாறினேன். ஆமத்தூர் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்து கிடந்தது. நடுவில் சீமைக்கருவேலம், அதற்கும் நடுவில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு செய்யும் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். திருத்தங்கல் வந்ததும் வண்டி நிரம்பியது. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கால் நகங்களில் பட்டாசில் சேர்க்கும் வெள்ளிப்பொடி மின்னியது. கிட்டார் பையைத் தொட்டுப் பார்த்து, "பாட்டு கிளாஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

சிவகாசியில் பத்து மணிக்கு எம். புதுப்பட்டி டவுன் பஸ் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெண்களுக்கு இலவசப் பயணம் என்பதால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பையை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஃப்ரீ. இதுக்கு லக்கேஜ் போடணும்ல."

"மடியில வச்சுக்கிறேன் சார்."

"மடியில வச்சாலும் பக்கத்துல ஒரு ஆளு உக்கார முடியாது பாருங்க. எம்புட்டு நீளம்! பத்து ரூவா குடுங்க. என்ன இது, வீணையா?"

"கரண்ட் கிட்டார்."

"கரண்டா?" அவர் முகம் மாறிவிட்டது. "வெடிக் கம்பெனிப் பக்கம் சூதானமாக் கொண்டு போங்க டீச்சர்." நான் ஆசிரியை என்று அவரிடம் சொல்லவே இல்லை. எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

போனில் பேசிய பெண் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். பெயர் அருள்மேரி. நாற்பதைத் தொடும் வயது, சுடிதார், நீளமாக வளர விடாத நகங்கள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக எட்டு வருடங்களாக இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் தம்பி சேவியர் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை பார்ப்பவர். அன்று அவருக்கு லீவு. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் அம்மா, "சாப்பிட்டீகளா?" என்றார்கள். சாப்பிட்டேன் என்று சொன்னதைப் பொருட்படுத்தாமல் இரண்டு தோசை வந்தது.

அருள்மேரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தாள். தாழ்களைத் திறந்தாள். கிட்டார் உள்ளே சிவப்பு வெல்வெட்டில் கிடந்தது, ஓரத்தில் கறுத்து நடுவில் தேன் நிறமாக வெளுக்கும் அந்த உடம்போடு. ஒரு கீறல் இல்லை. என் வீட்டு வரவேற்பறையில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம், வெயில் படாத சுவரில் இதற்கு எந்த இடம் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

"எப்ப வாங்கினீங்க?"

"அங்கன போய்ச் சேர்ந்த வருசமே. சின்ன வயசுல கோயில் கொயர்ல மரக் கிட்டார் வாசிச்சிருக்கேன். அப்பல இருந்தே இது மேல கண்ணு. கையில சம்பளம் வந்ததும் முதல்ல இதைத்தான் வாங்குனேன். வீட்டுக்குக்கூடச் சொல்லல."

"எனக்கே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும்" என்றார் சேவியர்.

"இப்ப ஏன் விக்கிறீங்க?"

அவள் பெட்டியின் ஓரத்தைத் தடவினாள். "யாரு கூட வாசிக்க டீச்சர்? டூட்டி முடிஞ்சு வந்தா அது மூலையில நிக்கும். என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். ஆசைப்படுறவுக கையிலயாவது போகட்டும்னு இங்க தூக்கிட்டு வந்துட்டேன்."

பதினோரு மணிக்குக் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்துக்குப் போனோம். பங்குச் சாமியாரிடம் கேட்டுச் சாவி வாங்கி வைத்திருந்தார் சேவியர். கொயரின் கீபோர்டுக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. நீளமான மண்டபம், ஓட்டுக் கூரை, ஓரமாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு கிட்டார்களையும் ஒரே பெஞ்சில் படுக்க வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

என் கணவர் கேட்ட அதே கேள்வியோடு இருக்கும் வாசகர்களுக்காகப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிட்டாரின் கழுத்து விளிம்பு உருட்டி மழுக்கப்பட்டிருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளின் நுனி எதுவும் விரலைக் கீறவில்லை; என்னுடையதில் கோடைக்காலத்தில் கீறும். கம்பிகளைத் தளர்த்தி நடுங்க வைக்கும் கைப்பிடியை நன்றாக அழுத்திக் கையை எடுத்தேன். அமெரிக்கக் கிட்டார் சுருதிக்குத் திரும்பியது. என்னுடையது திரும்பவில்லை, மூன்றாவது கம்பி இறங்கிவிட்டது. ஒலி? தனியாக ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் அமெரிக்கக் கிட்டாரில் அது சற்றுக் கூடுதல் நேரம் நின்றது. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வாசித்தால் எனக்கே வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை. என் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் காது அப்படித்தான் சொல்லியது.

சேவியரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன்.

"முதல்ல வாசிச்சதுதான் ஃபாரின்" என்றார் உறுதியாக.

முதலில் வாசித்தது என்னுடையது.

"ஏலே, உனக்குக் காது கம்பெனியிலேயே போயிருச்சுலே" என்று அருள்மேரி சிரித்தாள். மறுபடி வைத்தோம். இந்த முறை சரியாகச் சொன்னார். மூன்றாவது முறை தப்பு. "ரெண்டும் நல்லாத்தான இருக்கு, என்னைய ஏன் போட்டுப் படுத்துறீக?" என்று எழுந்துவிட்டார்.

கழுத்துக்கும் விளிம்புக்கும் கூடுதலாக எண்பதாயிரம் ரூபாயா என்று கேட்டால் கொடுப்பேன் என்றுதான் அப்போது இருந்தேன். சீட்டுப் பணம் வங்கியில் இருந்தது. போனில் அனுப்பிவிட்டால் முடிந்தது. "எடுத்துக்கிறேன்" என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. "நீங்க ஒரு தடவை வாசிங்க. எட்ட நின்னு கேக்கணும்."

அவள் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தாள். விரல்கள் சுத்தமாக ஓடின, என்னைவிட நன்றாகவே. ஆனால் ஒலி வரவில்லை. கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினாள், தூங்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பதுபோல. ஒலிபெருக்கியைக் கூட்டினேன். அவள் இன்னும் மெதுவாக மீட்டினாள்.

"நல்லா பலமா அடிங்க."

"பழக்கமில்ல டீச்சர். அங்கன சுவரு அட்டை மாதிரி. பக்கத்து ரூம்ல நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்குவாக. ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பேன்."

"ஒரு நாள்கூட வெளியில சத்தமா வாசிச்சதில்லையா?"

அவள் யோசித்தாள். "இல்ல."

எட்டு வருடமாக அந்தக் கிட்டார் ஒரு ஆளின் இரண்டு காதுகளுக்குள் மட்டும் ஒலித்திருக்கிறது. என் கிட்டாரையும் ஒலிபெருக்கியின் இன்னொரு துளையில் செருகினேன். கோயில்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டின் தாளத்தை, கம்பி அறுந்துபோகும் என்கிற அளவுக்கு ஓங்கி வாசிக்க ஆரம்பித்தேன். சேவியர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். அருள்மேரி இரண்டு சுற்று சும்மா நின்றாள். மூன்றாவது சுற்றில் மணிக்கட்டை முழுதாக வீசி ஒரே ஒரு கம்பியை அடித்தாள்.

அந்த ஒலி மண்டபத்தின் அந்தக் கோடி வரை போய், ஓட்டில் மோதி, எங்களிடம் திரும்பி வந்தது. அவள் சட்டென்று உள்ளங்கையால் கம்பிகளை மூடினாள். பயந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இது என் கையில இப்படிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

அப்புறம் நிறுத்தவே இல்லை. பெயர் தெரிந்த பாட்டு, தெரியாத பாட்டு, பாதி மறந்த பாட்டு எல்லாம் வாசித்தோம். அவள் முன்னே ஓட, நான் பின்னால் தாளம் பிடித்தேன். தவறு செய்தபோது இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். சபையில் பாட்டுக்குப் பின்னணியாகவே வாசித்துப் பழகிய எனக்கு, இன்னொரு கிட்டாரோடு கேள்வியும் பதிலுமாகப் பேசுவது புதிது. இரண்டு மணிக்கு அம்மாவே தேடி வந்து சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அருள்மேரி சொன்னாள். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. நான் இதை விக்கல."

காதில் விழுந்ததும் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாததுபோல, "பத்தாயிரம் கூடத் தர்றேன்" என்றேன்.

"துட்டுக்காகச் சொல்லலக்கா." முதல்முறையாக அக்கா என்றாள். "அங்கன எங்க பங்குக் கோயில்லயும் ஒரு ஹால் இருக்கு. இத்தனை வருசமாக் கேக்கணும்னே தோணல. போன உடனே கேக்கப் போறேன்."

பெருந்தன்மையாகச் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எரிச்சலாக இருந்தது. நான்தானே வாசிக்கச் சொன்னேன்? கேட்காமல் பணத்தை அனுப்பியிருந்தால் இந்நேரம் அந்தக் கறுப்புப் பெட்டி என் கையில் இருந்திருக்கும். சேவியர் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், போக்குவரத்துச் செலவு…" என்று இழுத்தார். வேண்டாம் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

நான்கு மணி வண்டிக்கு மூன்று பேரும் நிறுத்தத்துக்கு நடந்தோம். கம்பெனி வேன் ஒன்று வேலை முடிந்த பெண்களை இறக்கிவிட்டுப் போனது. எங்கோ பட்டாசைச் சோதிக்கிறார்கள் போல, ஒற்றை வெடிச் சத்தம் கேட்டது. ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அருள்மேரி ஒரு காராச்சேவுப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "சாத்தூர்ல இருந்து தம்பி வாங்கியாந்தது. சார்கிட்ட குடுங்க." பிறகு என் தோளில் தொங்கிய கிட்டாரைப் பையோடு சேர்த்து லேசாகத் தட்டினாள். வண்டி வந்துவிட்டது.

சிவகாசி, விருதுநகர், மதுரை என்று வந்த வழியே திரும்பினேன். திருமங்கலத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். விலை கூடிய அந்தக் கிட்டார் தகுமா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல? ஒலிக்காக என்றால் வேண்டாம்; ஆறு மடங்கு விலைக்கு ஆறு மடங்கு ஒலி கிடைக்காது. கைக்காக என்றால், ஒருமுறை தொட்டுவிட்டால் பிறகு யார் சொல்வதும் ஏறாது. தொடாமல் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் என் தோளைப் பார்த்தார். "போனதுதான் திரும்பி வந்திருக்கா?" என்றார். ஆமாம் என்று காராச்சேவைக் கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அருள்மேரி போனில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தாள். பெரிய அறை ஒன்றின் எதிரொலி. யாரோ டிரம்ஸ் வாசிக்கிறார்கள், யாரோ நடுவில் இருமுகிறார்கள். அவற்றுக்கு மேலே ஓங்கி அடித்த கிட்டார், கொஞ்சமும் தயக்கமில்லாமல். எனக்கு அழுகையும் பொறாமையும் சேர்ந்து வந்தன. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். காதுக்கு அது என்னுடைய இந்தோனேசியக் கிட்டாராகவும் இருக்கலாம். அந்த அறையில்தான் நான் இல்லை.